ஊஃபரின் இளக்கம்

15 இஞ்ச் ஊஃபருக்கு (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய ஸ்பீக்கர்) வீட்டிலேயே பெட்டி செய்வது பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘சமமான இணக்க கன அளவு’ என்று ஒரு தொடர் வந்து நிற்கிறது. ஊஃபரின் விவரத்தாளில் ‘வாஸ்’ என்று லிட்டரில் ஒரு எண் இருக்குமே, அதற்குத்தான் இந்தப் பெயர். அதன் ஆங்கிலப் பெயரில் வரும் கம்ப்ளையன்ஸ் என்றால் இணக்கம் என்று அகராதியில் இருக்கிறது, அப்படியே எடுத்து ஒட்டிவிட்டார்கள். இங்கே ‘இளக்கம்’ என்பதே சரி என்பேன். இதை நம்பிப் பெட்டி செய்தால் பிளைவுட்டும் காசும் வீண்.

கம்ப்ளையன்ஸின் வேர் ‘நிறைவேற்றுதல்’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல். மரியாதை காட்டுவது, சொன்னதற்குக் கட்டுப்படுவது என்று பொருள் நகர்ந்து வந்தது. இயந்திரவியலில் அது விசைக்கு விட்டுக்கொடுக்கும் தன்மை, பள்ளியில் படித்த சுருள்வில் மாறிலியின் தலைகீழ். ஒலிபெருக்கிப் பெட்டிக் கணக்கில் இதை நிலைநிறுத்தியவர்கள் ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த நெவில் தீலும் (1961) ரிச்சர்ட் ஸ்மாலும் (1970களில்). சரி, பொருளுக்கு வருவோம்.

ஒரு 15 இஞ்ச் ஊஃபரை கோன் மேலே பார்க்கும்படி படுக்கவைத்து, நடுவில் 100 கிராம் எடைக்கல்லை வைத்தால் கோன் 0.2 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். அதுதான் அதன் கம்ப்ளையன்ஸ். கோனைத் தாங்கும் சரவுண்டும் (வெளி விளிம்பு வளையம்) ஸ்பைடரும் (பின்னால் உள்ள மடிப்புத் தாங்கி) எவ்வளவு இளகிக் கொடுக்கின்றன என்பதன் அளவு. அதே கோன் அமுக்கும்போது அதே அளவு விட்டுக்கொடுக்கிற காற்று எத்தனை லிட்டர் என்று கேட்டால் கிடைப்பது வாஸ். இந்த ஊஃபருக்கு அது ஏறக்குறைய 200 லிட்டர் வரும். இதே இளக்கமுள்ள 12 இஞ்ச் ஊஃபருக்கோ 80 லிட்டர்தான், ஏனென்றால் இந்தக் கணக்கில் கோனின் பரப்பை அதே பரப்பால் பெருக்க வேண்டும். பெரிய ஊஃபர் பெரிய பெட்டி கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது ‘இணக்கம்’ என்று போட்டால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? இந்த ஊஃபருக்கு இணக்கமான, அதாவது ஒத்துப்போகிற பெட்டி 200 லிட்டர் என்றுதானே? அப்படித்தான் பலகையை அறுக்கிறார்கள். வாஸ் பெட்டியின் அளவே அல்ல. அதே 200 லிட்டர் வாஸ் உள்ள இரண்டு ஊஃபர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் க்யூடிஎஸ் (கோனின் அதிர்வு எவ்வளவு அடக்கப்படுகிறது என்று விவரத்தாள் சொல்லும் எண்) 0.4 என்றால், பெட்டியில் பொருத்திய பிறகு அது 0.707 ஆக வேண்டும் என்ற வழக்கமான இலக்குக்கு மூடிய பெட்டி சுமார் 94 லிட்டர் போதும். இன்னொன்றுக்கு 0.6 என்றால் 500 லிட்டருக்கு மேல் போய்விடும். வாஸும் பெட்டியின் அளவும் ஒன்றாக வருவது க்யூடிஎஸ் சரியாக 0.5 ஆக இருந்தால் மட்டுமே. 94 போதும் என்கிற ஊஃபருக்கு 200 லிட்டரில் பெட்டி அடித்தால், பின்னால் தாங்கவேண்டிய காற்று தளர்ந்து, அதே வாட்டுக்கு கோன் கூடுதலாகக் குதிக்கும்.

‘நெகிழ்வு’ என்று எழுதுகிறவர்கள் பரவாயில்லை, ஆனால் அதிலும் எனக்கு மனக்குறை உண்டு. நெகிழ்வு என்றதும் வளைவதுதான் கண்ணில் வருகிறது. ஊஃபரில் கோன் வளையவே கூடாது, அது விறைப்பாக பிஸ்டன் மாதிரி போய்வர வேண்டும், விட்டுக்கொடுக்க வேண்டியது அதைத் தாங்குகிற விளிம்பு. ‘தொய்வு’ இன்னும் மோசம், அது பழுதைச் சொல்லும் சொல். இளக்கம் என்றால் இறுக்கத்துக்கு எதிர்ச்சொல் என்பது யாருக்கும் உடனே விளங்கும். புது ஊஃபர் கொஞ்ச நாள் ஓடினால்தான் இளகும் என்று ஸ்பீக்கர் வேலை தெரிந்தவர்கள் சொல்வது இதே பண்பைத்தான். 1954இல் அமெரிக்க ஒலிபெருக்கி வடிவமைப்பாளர் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 ஸ்பீக்கரில் செய்ததையும் ஒரே வரியில் சொல்லலாம்: ஊஃபரை மிக இளக்கமாக வைத்து, இறுக்கத்தை மூடிய பெட்டியின் காற்றிடம் விட்டார்.

வரி, சட்டம் பற்றி எழுதும்போது இணக்கம் இருக்கட்டும், அங்கே அது பொருந்தும். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு எல்லாத் துறையிலும் ஒரே தமிழ்ச் சொல் என்ற பிடிவாதம்தான் தொல்லை. ஊஃபர், கோன், போர்ட் (பெட்டியில் வைக்கும் காற்றுத் துளை) இவற்றை அப்படியே எழுதுவதில் எனக்கு வருத்தமே இல்லை, பொருள் கெடவில்லையே. தமிழாகவும் இருந்து பொருளையும் கெடுக்கிற சொல்தான் ஆகாது. பெட்டியின் ‘வால்யூம்’ 94 லிட்டர் என்பதை ‘ஒலியளவு 94 லிட்டர்’ என்று மொழிபெயர்க்கிறவர்கள், லிட்டரில் எந்த ஒலியை அளப்பது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா?

வாஸை நான் ‘சம இளக்கக் காற்றளவு’ என்று எழுதுகிறேன். பெட்டிக்கு ‘உள் கொள்ளளவு’. அந்த ‘உள்’ அவசியம்: பலகையின் தடிமன் அதில் சேராது, உள்ளே இடம் பிடிக்கிற காந்தம், முட்டுக்கட்டைகள் எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுகிற காற்றுதான் 94 லிட்டராக இருக்க வேண்டும்.