ஃபேன்டஸி: மிகுபுனைவா, மிகைப்புனைவா?

வடசேரியில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் வாசலில் வைத்துத்தான் இந்தக் கேள்வி வந்தது. அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கிளிப், வளையல் எல்லாம் வாங்கி முடித்தபிறகு பையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை வெளியே எடுத்தாள். அட்டையில் டிராகன். "சித்தி, ஃபேன்டஸிங்கதுக்குத் தமிழ்ல என்ன சொல்லணும்? மிஸ் தமிழ்லதான் எழுதணும்னு சொல்லீட்டாங்க." பள்ளியில் புத்தக அறிமுகம் எழுத வேண்டுமாம். எனக்கு வயது நாற்பத்து மூன்று. பதினாறு வயதுக்காரர்களுக்கு எழுதின கதைகளை ராத்திரி ஒரு மணிவரை வாசிக்கிறவள் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்; கல்யாண வீடுகளில் கேலி செய்ய அதுதான் கைக்கு எட்டும் விஷயம். ஆகவே கேள்வி சரியான ஆளிடம்தான் வந்திருந்தது. நான் கடையின் பெயர்ப்பலகையைக் காட்டினேன். "ஏட்டி, பாதிப் பதில் அங்க தொங்குது பாரு."

ஃபேன்சி என்பது ஃபேன்டஸியின் சுருக்கம். பிரெஞ்சிலிருந்து 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல்லை, அடுத்த நூற்றாண்டிலேயே நடுவில் விழுங்கிச் சுருக்கிவிட்டார்கள். பிறகு இரண்டும் தனித்தனி வீடாகிவிட்டன. ஒன்று ஆசைக்கும் அலங்காரத்துக்கும் போனது, மற்றது கதைக்குப் போனது. நாம் இரண்டையும் கடன் வாங்கியிருக்கிறோம், உறவு தெரியாமலேயே. ஆர்.டி.ஓ. ஆபீசில் பணம் கட்டி வாங்குகிற ஃபேன்சி நம்பரும், என் கட்டிலுக்கடியில் கிடக்கும் டிராகன் கதையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

அந்த வயிறு கிரேக்கம். 'ஃபாயினெய்ன்' என்றால் காட்டுதல், கண்ணுக்குத் தெரியச் செய்தல். அதிலிருந்து 'ஃபந்தசியா', அதாவது தோன்றுவது, மனத்தில் எழும் தோற்றம். அரிஸ்டாட்டில் ஆன்மாவைப் பற்றி எழுதிய நூலில் இந்தச் சொல்லை ஒளியைக் குறிக்கும் 'ஃபாவோஸ்' என்பதோடு சேர்க்கிறார்: புலன்களில் பார்வையே முதன்மை, வெளிச்சம் இல்லாமல் பார்க்க முடியாது, அதனால் ஃபந்தசியாவின் பெயர் ஒளியிலிருந்து வந்தது என்பது அவர் கணக்கு. (தோற்றங்களில் பெரும்பாலானவை பொய் என்றும் அவரே சொல்லிவைத்தார். அது வேறு வழக்கு.) பேயுருவைச் சொல்லும் ஃபேன்டம், அறிவியலார் சொல்லும் ஃபினாமினன் எல்லாம் இதே குடும்பம். ஆக, வேரைத் தோண்டினால் கிடைப்பது இல்லாததும் பொய்யும் அல்ல. வெளிச்சம் பட்டுத் தெரிவது.

இனி தமிழுக்கு வருவோம். புழக்கத்தில் நாலைந்து சொற்கள் இருக்கின்றன, எதுவும் முழுதாக உட்காரவில்லை. மாயாஜாலக் கதை என்பது பழையது. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவும் விட்டலாச்சார்யா படங்களும் அதை வீட்டுச்சொல் ஆக்கிவிட்டன. ஆனால் அதைச் சொன்னதும் எலும்புக்கூடு ஆடும். எதிரே இருப்பவர் சிரிக்கத் தயாராகிவிடுவார். கற்பனைக் கதை என்றால் எல்லாக் கதையும் கற்பனைதான். தமிழ் விக்கிப்பீடியா கனவுருப்புனைவு என்கிறது. 'உரு' என்பது கிரேக்க மூலத்துக்கு அழகாகப் பொருந்துகிறது, 'கனவு'தான் இடிக்கிறது. கனவில் எதுவும் எப்படியும் நடக்கலாம், விழித்தால் போயிற்று. எழுதத் தெரிந்தவர்கள் எழுதிய ஃபேன்டஸியில் யாரும் தூங்குவதில்லை. கடைசியில் 'எல்லாம் கனவு' என்று முடித்த நாவல் ஒன்றை நான் சுவரில் எறிந்திருக்கிறேன்.

மாயப்புனைவு என்று பலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் மாயம் என்றால் வஞ்சனை, காணாமல் போவது. கிரேக்கச் சொல் தோன்றுவது என்கிறது, நம் சொல் மறைவது என்கிறது. இரண்டும் நேர் எதிர். அதைவிட, குமரி மாவட்டத்துக்காரிக்கு வேறொரு தடையும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபிறகு எத்தனை நாள் 'மீனவர்கள் மாயம்' என்று செய்தித்தாளில் வாசித்தோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும், முடிவில் அந்த ஒரு சொல் நிற்கும். அந்தச் சொல்லை எடுத்து ஒரு கதைவகைக்குச் சூட்ட எனக்குக் கை வரவில்லை. இது இலக்கணம் சார்ந்த வாதம் அல்ல, தெரியும்.

மிச்சம் இருப்பவை மிகுபுனைவும் மிகைப்புனைவும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஒன்றல்ல. மிகை என்றால் தேவைக்கு மேல் போனது. மிகைப்படுத்தல், மிகை நடிப்பு என்று குறை சொல்லவே அதை எடுக்கிறோம். மிகு என்பது வினையடி: மிகுந்த, மிகுகிற, மிகும் என்று மூன்று காலமும் அதற்குள் மடிந்திருக்கும். அதனால்தான் மிகுபுனைவு வினைத்தொகை. நடுவில் 'ப்' வராது. மிகைப்புனைவு என்றால் அளவு தப்பிய கதை, மிகுபுனைவு என்றால் புனைதல் கூடிய கதை. என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆனால் அதன் காரணம் 'மிகு'வில் இல்லை, 'புனைவி'ல் இருக்கிறது.

புனை என்றால் கட்டு, தொடு, அழகுசெய், தீட்டு, அணி. (மூன்று சுழி 'ண' போட்டுப் புணை என்று எழுதினால் அது தெப்பம்.) பூவைப் புனைவதற்கும் கதையைப் புனைவதற்கும் ஒரே சொல். இதை நான் அகராதியில் கற்றுக்கொள்ளவில்லை, தோவாளையில் பார்த்தேன். அங்கே மாணிக்கமாலை என்று ஒன்று கட்டுவார்கள். 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரளிப்பூவை அப்படியே கோப்பதில்லை. வெள்ளையும் சிவப்புமாக ஒவ்வொன்றையும் மடித்து, நொச்சி இலையையும் மடித்து இடையில் வைத்து, பாய் பின்னுவதுபோல் நெருக்கிக் கொண்டுபோவார்கள். முடிந்ததும் பார்த்தால் பூ தெரியாது, கல் பதித்த பட்டை தெரியும். தொடுவதுவரை நம்பமாட்டீர்கள். ஓர் இடத்தில் மடிப்புத் தப்பினால் அந்த வரி முழுக்கக் கோணும்.

மற்ற நாவலாசிரியருக்குப் பாதி மாலையை உலகமே கட்டிக் கொடுத்துவிடுகிறது. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டு என்று எழுதினால் போதும், மிச்சத்தை வாசிக்கிறவர் போட்டுக்கொள்வார். டிராகன் எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதிய டோல்கீன் 1939-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பேசிய உரை, 1947-ல் கட்டுரையாக அச்சில் வந்தது. அதில் இதைத்தான் சொல்கிறார்: 'பச்சைச் சூரியன்' என்று யாரும் சொல்லிவிடலாம், அந்தச் சூரியன் நம்பும்படி இருக்கிற ஓர் உலகத்தைச் செய்வதற்குத்தான் உழைப்பு வேண்டும். அந்த உலகத்தின் சட்டத்துக்குப் பொருந்துகிறவரை அங்கே நடப்பது உண்மை. நாரையும் தானே திரித்துப் பூவும் தானே தொடுக்க வேண்டிய வேலை அது. புனைவு அங்கேதான் மிகுகிறது.

சட்டம் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள், மந்திரக் கதையில் என்ன சட்டம் என்று. கள்ளியங்காட்டு நீலி என்கிற பழிவாங்கும் பேயின் கதையைக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். கள்ளியங்காடு நாகர்கோவிலை ஒட்டிய இடம்தான். கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் நடுராத்திரிக்குமேல் நீலியை எடுப்பார். செட்டி தனியாகப் போகிறான். நீலி கள்ளிக்கொம்பை ஒடித்து இடுப்பில் வைக்கிறாள், கொம்பு பிள்ளையாகிறது. அவ்வளவு செய்யக்கூடியவளுக்கு அவனைக் கொல்ல எவ்வளவு நேரம்? ஆனால் முடியாது. அவன் கையில் மந்திரவாள் இருக்கிறது. அது இருக்கும்வரை கிட்டே போகக் கூடாது. ஆகவே ஊர்ச்சபையில் போய்ப் புருஷன் என்னைக் கைவிட்டான் என்று அழுகிறாள், பெரியவர்கள் மனமிரங்கி அவன் வாளை வாங்கி வைக்கிறார்கள். வீசுகோல் வில்லில் விழுகிற வேகம் அந்த இடத்தில் மாறும். என் ஆச்சி பக்கத்தில் இருந்து, "குடுத்துராதலே, குடுத்துராத" என்று முணுமுணுப்பாள். கதை முடிவு அவளுக்கு அறுபது வருஷமாகத் தெரியும். வாள் என்ற ஒரு சட்டம் இல்லையென்றால் அந்த அழுகைக்கு வேலையே இல்லை, நீலிக்கண்ணீர் என்ற சொல்லும் தமிழுக்குக் கிடைத்திருக்காது.

இளையோருக்கு எழுதப்படும் மிகுபுனைவில் எனக்குள்ள சண்டையெல்லாம் இங்கேதான். முதல் பாகத்தில் ஒரு மந்திரத்துக்கு ரத்தம் விலை என்று சொல்லிவிட்டு, மூன்றாம் பாகத்தில் நாயகி அழுததும் அது இலவசமாகிவிடும். வாளை யாரும் வாங்காமலேயே நீலி ஜெயித்த மாதிரி. இன்னும் சில உண்டு: முதல் அத்தியாயத்திலேயே தாய் தகப்பனைக் கொன்றுவிடுவது (வீட்டில் ஆள் இருந்தால் பிள்ளையை டிராகன்மேல் ஏற விடுவார்களா?), நாலு பக்க வரைபடம் போட்டுவிட்டுக் கதை ஒரே விடுதிக்குள் நடப்பது, ஒரு புத்தகத்துச் சரக்கை மூன்றாக நீட்டுவது. மறுபக்கம், 1968-ல் உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்ஸீ நாவலை வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிறேன். மெலிந்த புத்தகம். அங்கே ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதன்மேல் அதிகாரம். அந்த ஒரு சட்டத்தை ஆசிரியை கடைசி வரிவரை மீறவில்லை. சொல்லுக்கு அர்த்தம் தேடி அலைகிற என்னைப் போன்றவளுக்கு அந்த உலகம் பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

நம் இலக்கணத்தில் இதற்கு இடமே இல்லையா? இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியலில் உரைநடையை வகைப்படுத்தும்போது 'பொருள்மரபு இல்லாப் பொய்ம்மொழி' என்று ஒன்று வருகிறது. யானையும் குருவியும் நட்பாகி இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்று சொல்லிவரும் கதைகள் என உரை விளக்குகிறது, ஒருவரிடம் ஒருவர் கேட்டு வழிவழியாக வருபவை என்றும் சேர்க்கிறது. அந்த நூலைக் குற்றமறக் கேட்டு ஏற்றவர் அதங்கோட்டாசான் என்று பாயிரம் சொல்கிறது. எங்கள் விளவங்கோடு பக்கத்து அதங்கோடுதான் அவர் ஊர் என்பது இங்கே எல்லோர் வாயிலும் உண்டு. ஆக, யானை-குருவிக் கதைக்கு இலக்கணத்தில் இடம் கொடுத்தபோது எங்கள் ஊர்க்காரர் தலையாட்டியிருக்கிறார் என்று நான் பெருமை பேசுவேன். ஆனாலும் பொய்ம்மொழியை இன்று அட்டையில் அச்சிட முடியாது. பொய் என்பதற்கு அன்றிருந்த மென்மை இப்போது இல்லை.

இந்தக் கதைகளுக்கு முன்னால் ஒட்டிவரும் யங் அடல்ட் என்பதற்கு அதிக நேரம் வேண்டாம். அமெரிக்க நூலகர்கள் வளர்த்த சொல். அங்குள்ள நூலகச் சங்கம் 1957-ல் அந்தப் பெயரிலேயே தனிப்பிரிவு வைத்தது. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை என்று கணக்கு. லத்தீனில் அடல்ட் என்றால் வளர்ந்து முடிந்தவர், அடலசன்ட் என்றால் வளர்ந்துகொண்டிருப்பவர், இரண்டுக்கும் ஒரே வேர். வளரிளம் பருவம் என்ற நம் சொல் இதற்கு அச்சுப்போல் பொருந்தும். ஆனால் அதை ஆரம்ப சுகாதார நிலையம் எடுத்துக்கொண்டுவிட்டது. 'வளரிளம் பருவ மிகுபுனைவு' என்றால் கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் தருவார்கள்போல் இருக்கும். விடலை என்றால் ஊரில் வசவு. குமரி என்றால் பெண்பிள்ளை மட்டும், மாவட்டத்தின் பெயரும் அதுவே. இளையோர் போதும்: இளையோர் மிகுபுனைவு. பேச்சில் ஃபேன்டஸி என்றே சொல்லிவிட்டுப் போங்கள், யாரும் அபராதம் போடப்போவதில்லை.

இத்தனையையும் நான் ஃபேன்சி ஸ்டோர் வாசலில் சொல்லவில்லை. பாதியை பஸ்ஸில், மீதியை வீட்டில். அவள் பொறுமையாகக் கேட்டாள், அல்லது வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினாள். நல்ல கையெழுத்து. தலைப்பில் 'இளையோர் மிகுப்புனைவு' என்று இருந்தது. பென்சிலை வாங்கி 'ப்'பை மட்டும் அடித்தேன். "சித்தி, பேனால எழுதினதாக்கும், பென்சில வச்சு அடிச்சா எப்பிடி?" என்றாள்.