‘புரிந்துவிட்டது’ என்ற நினைப்பு

சிங்கப்பூரின் தேக்காவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் சொன்னார்: “ஜிஎஸ்டியைக் குறைத்தால் விலையெல்லாம் தானாகக் குறையும், அவ்வளவுதான்.” நானும் தலையாட்டினேன். அப்புறம் ரசீதின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வரி குறைகிறது. சரி, அடுத்து என்ன நடந்து இந்தக் குவளையின் விலை இறங்குகிறது? பேனா நின்றுவிட்டது.

ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடை ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்யாத கடை நம்மிடம் அந்த வரியை வசூலிக்கக் கூடாது. ஆனால், பதிவு செய்த மொத்த வியாபாரியிடம் பாலும் சீனியும் வாங்கும்போது வரியும் சேர்த்தே கட்டுகிறது. அதைத் திரும்பப் பெற முடியாது. வரி குறைந்தால் மிச்சமாகும் காசைக் கடைக்காரர் விலையில் கழிப்பாரா, வாடகைக்கு வைத்துக்கொள்வாரா? அரசாங்கத்துக்குக் குறையும் வருமானத்தை எது ஈடுகட்டும்? வரி 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் ஏறியபோது காதில் விழுந்த “அதுதான் செலவை ஈடுகட்ட அரசாங்கம் பற்றுச்சீட்டு தருகிறதே” என்ற பேச்சும் இப்படித்தான். எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டால்தான் அதற்குள் இருப்பது தெரியும்.

2002இல் ரோசன்பிளிட், கைல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இந்த மயக்கத்தை அளந்து காட்டினார்கள். ஜிப் எப்படி வேலை செய்கிறது என்பது எவ்வளவு புரியும் என்று மக்களிடம் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு, அதைப் படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதிய பிறகு, முதலில் போட்ட மதிப்பெண்ணை மக்களே குறைத்துக்கொண்டார்கள். அரசியல் கொள்கைகளை வைத்து 2013இல் செய்த ஆய்விலும் இதுவே நடந்தது. கூடவே, மக்களின் தீவிர நிலைப்பாடும் தணிந்ததாக அந்த ஆய்வு சொன்னது. ஆனால் பின்னால் வேறு குழு அதே சோதனையைச் செய்தபோது, புரிதல் மதிப்பெண் இறங்கியது, நிலைப்பாடு தணியவில்லை. ஒருவரை விளக்கச் சொல்லி மனம் மாற்றிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். தனக்குத் தெரியாததை அவர் தானே காண்பதே பெரிய விஷயம்.

‘வரி குறைந்தால் விலை குறையும்’ போன்ற அரசியல் சுலோகம், நமக்குத் தெரியாததை நாமே காண விடாமல் மறைக்கிறது. அதுவும் திரும்பத் திரும்பக் கேட்டால் இன்னும் மோசம். கேட்டுப் பழகிய வாக்கியத்தை மூளை சிரமமில்லாமல் வாங்கிக்கொள்கிறது. அந்தச் சுலபத்தையே உண்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடையின் பெயர் சேலை என்ற வாக்கியத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் 2015இல் சோதனையில் வைத்தார்கள். இப்படிப்பட்ட பொய்களை இரண்டாம் முறை பார்த்தபோது, சரியான விடை தெரிந்தவர்களுக்கும் அவை கொஞ்சம் கூடுதலாக உண்மை போலப் பட்டன! நம் வீட்டுச் சேலைக்கே இந்தக் கதி என்றால் வரிக் கணக்கு எம்மாத்திரம்?

ஜனநாயகத்துக்கு அடி விழுவது இங்கேதான். படிகள் தெரிந்த இருவர் ‘மூன்றாவது படியில் உங்கள் கணக்கு தப்பு’ என்று வாதாடலாம். சுலோகம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ‘நீ எந்தப் பக்கம்?’ என்பதைத் தவிர வேறு கேள்வி இல்லை. வாக்குறுதி பலிக்காதபோது எந்தப் படி உடைந்தது என்று தேட வழியில்லாமல், எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று மனம் வெறுத்துப்போகிறது.

2025 தேர்தலில் பிரசாரத்துக்குக் கிடைத்தது ஒன்பது நாள். நான் போன கூட்டங்களில் தமிழுக்குச் சில நிமிடங்கள்தான். வணக்கம், ஒரு வாக்குறுதி, நன்றி. ஆங்கிலத்தில் விரிவாகப் பேசியவர்கள் நமக்குச் சுலோகத்தை மட்டும் தந்துவிட்டுப் போனது எனக்கு இன்னும் வலிக்கிறது.

ரசீதை நண்பரிடம் நீட்டினேன். அவரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு கல்லாவைப் பார்த்துக் கேட்டார்: “அண்ணே, பால் டின் இப்ப என்ன விலைக்கு எடுக்கிறீங்க?”