ஊசிக்குப் பிறகு எவ்வளவு தெரிகிறது?

"நல்ல முன்னேற்றம்" என்கிறார் மருத்துவர். பார்வை குறைந்ததற்காகக் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்ளும் ஓர் அம்மா, கண் சோதனைப் பலகையில் போன தடவையைவிட ஒரு வரி கூடுதலாகப் படித்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும், "எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியலையே" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

விழித்திரையின் நடுவே உள்ள மாக்குலா என்ற சின்னஞ்சிறு பகுதியால்தான் நாம் எழுத்தைப் படிக்கிறோம், முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காண்கிறோம். வயதாகும்போது சிலருக்கு இது சிதைகிறது. அதில் ஈர வகை என்பது வேகமானது. விழித்திரைக்கு அடியில் புது ரத்தக்குழாய்கள் முளைத்து, நீரும் ரத்தமும் கசியும். வி.இ.ஜி.எஃப் என்ற புரதம்தான் அவற்றை முளைக்க வைக்கிறது. கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கிவிட, கசிவு வற்றுகிறது. ஆனால் ஏற்கெனவே செத்துப்போன பார்வைச் செல்கள் திரும்ப வருவதில்லை.

இப்படிப்பட்ட ஊசி மருந்துகளில் ஒன்றான ரானிபிசுமாபை வைத்து நடந்த மரீனா என்ற ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. ஓராண்டு கழித்து, மாதந்தோறும் ஊசி போட்டவர்களில் சுமார் 95 சதவீதம் பேர் பலகையில் மூன்று வரி அளவுக்குப் பார்வையை இழக்காமல் தப்பினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்தில்லாமல் ஊசி போடுவதுபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களில் 62 சதவீதம் பேர்தான் தப்பினார்கள். மூன்று வரி கூடுதலாகப் படிக்க முடிந்தவர்களோ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரைதான். ஆக, பலருக்கு ஊசி தரும் பலன், பார்வை மேலும் போகாமல் நிற்பது. வராமல் போன இருட்டை யார் எப்படி உணர முடியும்?

பலகையை மட்டும் நம்பினால் போதாது என்பதால் 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தையும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். செய்தித்தாள் படிக்க முடிகிறதா, மங்கிய வெளிச்சத்தில் படி இறங்க முடிகிறதா, அடுத்தவரை நம்பி இருக்க வேண்டியிருக்கிறதா என்றெல்லாம் அது கேட்கும். மதிப்பெண் 0 முதல் 100 வரை. மரீனாவில் ஓராண்டு முடிவில் மருந்து பெற்றவர்களுக்கு அது சராசரியாக 5 புள்ளி ஏறியது, மற்றவர்களுக்கு 3 புள்ளி போல இறங்கியது.

அப்புறம், எந்தக் கண்ணுக்கு ஊசி என்பதும் முக்கியம். நாம் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டுதான் நடமாடுகிறோம். மோசமான கண் கொஞ்சம் தேறினாலும், நல்ல கண்ணை நம்பி ஓடும் அன்றாடம் அப்படியே இருக்கும். அந்த அம்மாவின் ஏமாற்றத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம். இன்னொன்று: பலகையில் இருப்பது வெள்ளை மேல் கறுப்பு. வீட்டில் இருப்பது வெள்ளைக் கோப்பையில் ஊற்றும் பால். எங்கே நிறைந்தது என்று தெரியாமல் வழிந்துவிடும். பொருளையும் அதன் பின்னணியையும் பிரித்துக் காட்டும் வெளிர்-அடர் வேறுபாட்டை உணரும் இந்தத் திறனைப் பலகை அளப்பதில்லை.

திருப்தி என்பது முதல் ஊசிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பேன். "இது பார்வையைக் காப்பாற்றும் சிகிச்சை, பழையபடி ஆக்கும் என்று சொல்ல முடியாது" என்று முதலிலேயே கேட்டவருக்கு ஏமாற்றம் குறைவு. கிருமியைக் கொல்லப் போடும் அயோடின் சொட்டால் அன்று கண் எரியும் என்று தெரிந்தவருக்குப் பயமும் குறைவு.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "இல்லாத உருவங்கள் ஏதாவது தெரிகிறதா?" பார்வை குறைந்த சிலருக்குப் பூ வேலைப்பாடுகளும் சிறு மனிதர்களும் தெரியும். தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை 1760இல் எழுதிவைத்த சார்ல் பொனே என்ற சுவிஸ் அறிஞரின் பெயரில்தான் இந்த நிலை அழைக்கப்படுகிறது. புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பார்களோ என்ற பயத்தில் பலர் வாயே திறப்பதில்லை. கண்ணிலிருந்து தகவல் வராத இடத்தை மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது, இது மனநோய் இல்லை என்று ஒருவர் சொன்னால் போதும், அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார்கள்.