நின்றே வேலை பார்ப்பவர்களின் கால்களும் ‘நரம்பு’ என்ற ஒரு சொல்லும்

மூன்று மாதங்களுக்கு முன்பு ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு, துணிக்கடையின் சுடிதார் பிரிவில் வேலை பார்க்கும் 36 வயதுப் பெண்ணை உடன் வேலை செய்யும் இருவர் ஆட்டோவில் ஏற்றி அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே புடைத்திருந்த சிரை என்ற ரத்தக்குழாய் ஒன்று அலமாரியின் விளிம்பில் உரசிப் பிய்ந்து, தரையெல்லாம் ரத்தமாகியிருக்கிறது. பதறிய தோழிகள் துப்பட்டாவை முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டி, காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்தபடியே அழைத்து வந்திருந்தார்கள். பாதம் நீலம் பாரித்திருந்தது; ரத்தம் நிற்கவில்லை. துப்பட்டாவை அவிழ்த்து, அவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, மடித்த துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தேன். சில நிமிடங்களில் ரத்தம் நின்றுவிட்டது.

அவருடைய கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் மூன்று ஆண்டுகளின் மருந்துச் சீட்டுகள்; ஏறக்குறைய எல்லாவற்றிலும் பி12 ஊசியும் நரம்புச் சத்து மாத்திரையும் எழுதப்பட்டிருந்தன. கால் ரத்தக்குழாய்களைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் ஒன்றுகூட அதில் இல்லை. அதற்குப் பிறகு, இதே போன்ற உறையோடு ஒரு பரோட்டா மாஸ்டரும், கணுக்காலில் ஆறாத புண்ணோடு ஒரு சலூன்காரரும் வந்துவிட்டார்கள். ரத்தநாள அறுவை மருத்துவராக இதை இனியும் வாய்மொழியாக ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது போதாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நம் பேச்சில் உடலுக்குள் நூல்போல ஓடுவது எல்லாமே நரம்புதான். யாழின் தந்தியையும் நரம்பு என்றுதான் நம் முன்னோர் சொன்னார்கள். குளுக்கோஸ் ஏற்றும்போது கையில் ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று மருத்துவமனைகளில் செவிலியர்களே சொல்கிறார்கள். பேச்சுவழக்கைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆனால், ‘காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகிறவருக்கு, அந்த ஒரு சொல்லே தவறான மருந்தை வாங்கிக் கொடுத்துவிடுகிறது. நரம்பு என்பது மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் இழை. அதற்குள் ரத்தம் ஓடுவதில்லை. காலில் பச்சையாக, நீலமாக, மண்புழுபோல நெளிந்து புடைப்பது சிரை, அதாவது அசுத்த ரத்தத்தைக் காலிலிருந்து இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய். அது இப்படிப் புடைப்பதைத்தான் ‘வெரிகோஸ் வெயின்’ என்கிறோம். குழாயில் வந்த கோளாறுக்கு இழைக்கான மருந்தைச் சாப்பிட்டால் எப்படிக் குணமாகும்?

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மாலையில் வேலை முடிந்து வந்ததும் மல்லாந்து படுத்து, காலைச் சுவரில் சாய்த்து உயர்த்தி வையுங்கள். புடைத்திருந்தது வடிந்து காணாமல் போனால் அது ரத்தம் நிறைந்த குழாய். நரம்பு எந்தக் காலத்திலும் அப்படிப் புடைப்பதும் இல்லை, வடிவதும் இல்லை. சிரைக் கோளாறில் காலையில் கால் லேசாக இருக்கும். நேரம் ஆக ஆகக் கனத்து, இரவு கடை மூடும்போது செருப்பு இறுகும் அளவுக்கு வீங்கும். நரம்புக் கோளாறில் பெரும்பாலும் எரிச்சலும் மதமதப்பும் உணர்வின்மையும்தான் முன்னால் நிற்கும். படுத்தாலும் அவை விடுவதில்லை. பி12 குறைபாடு இருப்பவருக்கு பி12 கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சிரை புடைப்பது, ரத்தம் கீழே திரும்பி வராமல் தடுக்க அதற்குள் இருக்கும் வால்வு பழுதாவதால்; பழுதாகிவிட்ட ஒரு வால்வைச் சரிசெய்யும் ஊசியோ சத்து மாத்திரையோ இந்த உலகில் இல்லை. மாதம் சில நூறு ரூபாய் என்று மூன்று ஆண்டுகள் அந்தப் பெண் செலவழித்த பணமும் காலமும் எந்தப் பயனும் தரவில்லை என்பதை அவரிடம் சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஓர் அளவைச் சொல்கிறேன். ஆடாமல் அசையாமல் நிற்கும்போது பாதத்துச் சிரைக்குள் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இருக்கும். நடக்கத் தொடங்கியதும், கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளுவதால், அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். நடந்தே கடிதம் கொடுக்கும் தபால்காரரும் நாள் முழுவதும் காலில்தான் இருக்கிறார். ஆனால் கல்லாவுக்கு முன்னும் தோசைக்கல்லுக்கு முன்னும் ஒரே இடத்தில் நிற்பவருக்குத்தான் இந்த அழுத்தம் மணிக்கணக்கில் இறங்காமல் இருக்கிறது. டென்மார்க்கில் உழைக்கும் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பெரும்பாலும் நின்றே வேலை பார்த்தவர்கள் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கை நெருங்கியது. நிற்பது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால், இரண்டு மூன்று பேறுகாலங்களைக் கடந்திருந்தால், உடல் எடை கூடியிருந்தால் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர் நிற்கும் வேலைக்குப் போகும்போது நோய் சீக்கிரம் முற்றுகிறது.

இதைச் சொன்னதும் ‘அப்படியானால் வேலையை விடச் சொல்கிறீர்களா, டாக்டர்?’ என்று கேட்கிறார்கள். சொல்லமாட்டேன். சென்னை தியாகராய நகரின் பெரிய கடைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பலர் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவருக்கும் உடனே சம்பளம், பல கடைகளில் சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. அதனால் வாங்கும் பணத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்ப முடிகிறது. தங்கையைக் கல்லூரியில் படிக்கவைத்தவர், வீட்டுக்குக் கூரை மாற்றிக் கொடுத்தவர், அப்பாவின் கடனை அடைத்தவர் என்று என் புறநோயாளிப் பிரிவில் பலரைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே அவருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று சொல்லும் அவர்களுடைய தேர்ச்சி எந்தப் பட்டப்படிப்பிலும் வருவதில்லை. அந்த வேலைக்கு அவர்கள் கொடுக்கும் விலைதான் அதிகம்: பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்பது, பண்டிகைக் காலத்தில் விடுப்பே இல்லாதது, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கத் தயங்கித் தண்ணீரே குடிக்காமல் இருப்பது. இவற்றில் நிற்பது மட்டுமாவது வேலையிலிருந்து பிரிக்க முடியாத பகுதி இல்லை. பழைய ஜவுளிக்கடைகளில் மெத்தை விரித்து, விற்பவரும் வாங்குபவரும் உட்கார்ந்தேதான் புடவை பார்த்தார்கள். வியாபாரம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

உட்காருவது உங்கள் உரிமை என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. நின்று வேலை செய்யவேண்டியவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44-வது பிரிவில் வகுத்தது. கடை ஊழியர்களுக்கு அது வந்துசேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விற்பனைப் பெண்கள் தொடங்கிய போராட்டத்தின் பயனாகக் கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலையின் இடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காருவதற்கு ஏற்ற இருக்கை எல்லா ஊழியர்களுக்கும் இருக்கவேண்டும் என்பதே அதன் சாரம். என்னிடம் வரும் கடை ஊழியர்களில் பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவர்களோ, ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்கிறார் என்கிறார்கள். கடை நடத்துபவர்களிடம் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: வாடிக்கையாளர் இல்லாத பத்து நிமிடத்தில் உங்கள் ஊழியர் உட்கார்ந்திருப்பது சோம்பல் இல்லை. தேர்ந்த ஓர் ஊழியர் புண்ணோடு மாதக்கணக்கில் வராமல் போவது உங்களுக்கும் இழப்புதான்.

இனி நீங்கள் செய்யவேண்டியவை. அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நடங்கள். இடத்தைவிட்டு நகர முடியாதென்றால் நின்ற இடத்திலேயே குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்குங்கள். கெண்டைக்கால் வேலை செய்தால் போதும். ஸ்டூலில் உட்கார்ந்தாலும் காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் அசையாமல் இருக்காதீர்கள். இரவில் கால்மாட்டில் தலையணை வைத்துப் படுங்கள். தண்ணீர் குடியுங்கள், கழிப்பறைக்குப் போக யாரிடமும் கூச்சப்படாதீர்கள். புடைத்த சிரையை எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதை இன்றோடு நிறுத்துங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அது ஆபத்து.

அழுத்தக் காலுறை விஷயத்தில் நடக்கும் தவறு என்னை மிகவும் வருத்துகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிவிட்டு, பகலில் வேர்க்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றிவைத்து, இரவில் தூங்கும்போது போட்டுக்கொள்கிறார்கள். தலைகீழாகச் செய்கிறீர்கள். காலையில் படுக்கையைவிட்டு இறங்குவதற்கு முன்பே, கால் வீங்காமல் இருக்கும்போதே அதைப் போடவேண்டும். இரவு படுக்கும்போது கழற்றவேண்டும். ஆனால் மருத்துவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி அடைத்திருக்கலாம்; அந்தக் காலில் இறுக்கமான உறையைப் போட்டால் விரல்களையே இழக்க நேரும்.

புண் வந்துவிட்டவர்கள் களிம்பு மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருக்கவேண்டாம். கணுக்காலின் உட்பக்கத்துக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, பிறகு புண்ணாகிறதென்றால் அது பெரும்பாலும் சிரைப் புண். அழுத்தக் கட்டுதான் அதை ஆற்றும் முதல் மருந்து. பழுதான சிரையையும் காலம் தாழ்த்தாமல் அடைத்துவிட்டால் இன்னும் விரைவில் ஆறும். பிரிட்டனில் 450 நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், அப்படிச் செய்தவர்களில் பாதிப்பேருக்கு 56 நாட்களிலும், கட்டு மட்டும் போட்டுத் தள்ளிவைத்தவர்களில் பாதிப்பேருக்கு 82 நாட்களிலும் புண் ஆறியது. லேசரோ ரேடியோ அலைவெப்பமோ கொண்டு அடைக்கும் அந்தச் சிகிச்சைக்குப் பிறகு அன்றோ மறுநாளோ நடக்கலாம். ஒரு சிரையை அடைத்தால் ரத்தம் எப்படித் திரும்பும் என்று பயப்படுகிறார்கள். காலின் ரத்தத்தில் மிகப் பெரும்பகுதியை எடுத்துச்செல்வது தசைக்குள் இருக்கும் ஆழ்சிரைகள்தான், ஸ்கேனில் அவை நலமாக இருப்பதைப் பார்த்த பிறகே தோலுக்கடியில் இருப்பதை அடைக்கிறோம்.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். அதில் சேர்ந்தவர்களுக்குச் சிகிச்சை மட்டுமல்ல, உரிய சந்தா கட்டியிருந்தால், மருத்துவர் சான்றளிக்கும் ஓய்வு நாட்களுக்கு, ஆண்டில் 91 நாட்கள்வரை, சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கும். சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

சிரை வெடித்து ரத்தம் வந்தால், படுக்கவைத்து, காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தின் மேலேயே பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். மேலே கயிறோ துப்பட்டாவோ கட்டாதீர்கள். திரும்பிப்போகும் வழியை அடைத்தால் ரத்தம் புண் வழியாக இன்னும் வேகமாக வரும். தனியாக இருக்கும்போது உட்கார்ந்தபடியே ரத்தம் போய் உயிரிழந்தவர்கள் உண்டு.

அந்தப் பெண்ணுக்கு ரேடியோ அலைச் சிகிச்சை முடிந்து, பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பும்போது, உட்கார இடம் வேண்டும் என்று கடைக்குக் கடிதம் தரச் சொன்னார். சட்டத்தில் இருப்பதற்கு மருத்துவரின் கடிதம் தேவையே இல்லை. இருந்தாலும் 22-ஏ பிரிவைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது, ஸ்டூல் வந்ததா என்று கேட்டேன். சுடிதார் பிரிவில் ஆறு பேருக்கு இரண்டு போட்டிருக்கிறார்களாம். முறை வைத்து உட்காருகிறார்கள்.