சிப்பிக்குள் சாயம் இல்லை

ராமேஸ்வரம் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கும் அக்னி தீர்த்தத்துக்கும் நடுவே சிப்பிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சோழி மாலை, சங்கு, சிப்பி ஒட்டிய முகம்பார்க்கும் கண்ணாடி, பெயர் எழுதித் தரும் சாவிக்கொத்து என்று கடை முழுக்க நிறம். ஆனால் அந்த நிறங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. சோழியின் பழுப்புப் புள்ளி எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பழுப்புதான். முத்துச்சிப்பியின் உட்புறம் அப்படி இருப்பதில்லை. கையில் வைத்துச் சற்றே திருப்பினால், இளஞ்சிவப்பு இருந்த இடத்தில் பச்சை வந்து நிற்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அதுவும் நழுவிவிடும். சோழியில் நிறமி இருக்கிறது. சிப்பியின் பச்சைக்குப் பின்னால் எந்த நிறமியும் இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. உடைந்த சிப்பித் துண்டு ஒன்றை அம்மியில் வைத்து நுணுக்கிப் பாருங்கள். சாயம் ஏறிய பொருளாக இருந்தால் பொடியிலும் அந்தச் சாயம் தெரிய வேண்டும். சிப்பிப் பொடியோ வெறும் வெள்ளை. கடலோர ஊர்களில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. முத்துச்சிப்பியின் பளபளக்கும் படலமும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். அதாவது சுண்ணாம்புக்கல்லின் பொருள்தான். எடையில் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்கு மட்டும் புரதம் முதலான கரிமப் பொருள்கள்.

நிறம் வருவது அந்தப் பொருள் அடுக்கப்பட்ட முறையால். சிப்பிக்குள் இருக்கும் உயிரின் உடலைப் போர்த்தியிருக்கும் தோல்மடிப்பு, ஓட்டின் உட்புறத்தில் மெல்லிய கரிமத் தாள்களைச் சுரக்கிறது. அவற்றுக்கு இடையே அரகோனைட் என்ற படிகம் தட்டையான வில்லைகளாக வளர்கிறது. ஒரு வில்லையின் கனம் ஏறத்தாழ அரை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ஒரு தலைமுடியின் கனத்துக்குள் இப்படி நூறு அடுக்குக்கு மேல் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் கிட்டத்தட்ட இதே அளவுதான்: நீலம் 0.45 மைக்ரான், பச்சை 0.53, சிவப்பு 0.65. சூட்சுமம் இந்த அளவுப் பொருத்தத்தில் இருக்கிறது.

ஒளி மேல் அடுக்கில் பட்டுக் கொஞ்சம் திரும்புகிறது. மிச்சம் உள்ளே போய், அடுத்த அடுக்கில் பட்டுத் திரும்புகிறது. பின்னால் வருவது கூடுதல் தூரம் நடந்து வருகிறது. திரும்பி வரும் இரண்டு அலைகளின் முகடும் முகடும் சேர்ந்தால் அந்த நிறம் ஓங்கும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் அந்த நிறம் அடங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடுக்கின் கனம் 0.45 மைக்ரான் என்றால், போய்வர 0.9. அரகோனைட்டுக்குள் ஒளி ஏறக்குறைய 1.65 மடங்கு மெதுவாகப் போவதால், காற்றில் அது சுமார் 1.5 மைக்ரான் தூரத்துக்குச் சமம். 0.5 மைக்ரான் அலைநீளமுள்ள நீலப்பச்சை அதில் சரியாக மூன்று முறை அடங்கும்; ஆகவே அது ஓங்கும். 0.6 மைக்ரான் ஆரஞ்சு இரண்டரை முறைதான் அடங்கும். அந்த அரை அதைக் கவிழ்த்துவிடும். மீன்பிடி ஜெட்டியில் படகிலிருந்து சிந்திய டீசல் தண்ணீர்மேல் வானவில் காட்டுவதும் இதே கணக்கில்தான். அங்கே ஒரே ஒரு படலம், இங்கே நூற்றுக்கணக்கில்.

சாய்த்தால் நிறம் ஏன் மாறுகிறது? சாய்வாக நுழையும் ஒளி உள்ளே அதிக தூரம் போகும், ஆகவே வித்தியாசம் கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. சாய்வு கூடும்போது மேலே பட்டுத் திரும்பும் கதிரும் பக்கவாட்டில் முன்னேறி நடக்கிறது. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி குறைந்துகொண்டே போகிறது. இடைவெளி குறைந்தால் குறுகிய அலைகளுக்கே இடம். சிவப்பு பச்சையை நோக்கியும் பச்சை நீலத்தை நோக்கியும் நகர்வது அதனால்தான்.

பக்கத்து அலமாரியில் இருக்கும் சங்கைப் பாருங்கள். அதுவும் அரகோனைட்தான், ஆனால் வானவில் இல்லை. சங்கில் படிகங்கள் ஒட்டுப்பலகையைப் போல ஒரு வரிசைக்குக் குறுக்கே மறு வரிசையாக ஓடுகின்றன. சீரான தட்டை அடுக்கு இல்லாததால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறி வெள்ளையாகிறது. அந்தக் குறுக்கு அமைப்பில் விரிசல் நேராக ஓடவும் முடியாது. அதனால்தான் சங்கை வாளால் அறுத்து வளையலாக்க முடிகிறது. வைகை கடலில் சேரும் அழகன்குளத்து அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்திருக்கின்றன. மன்னார் வளைகுடாச் சங்கு வங்காளத்துப் பெண்களின் கைவளையானதும் நீண்ட கதை.

சிப்பியின் நிறத்துக்கு இன்னொரு மூலமும் உண்டு. அது தற்செயலாகத் தெரிய வந்தது. ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் ஒரு சிப்பித் துண்டை மெழுகும் பிசினும் கலந்த கலவையால் கருவியில் ஒட்டினார். பிரித்தெடுத்தபோது மெழுகிலும் வானவில் இருந்தது. மெழுகுக்குச் சாயம் ஏறவில்லை. சிப்பியின் மேல் இருந்த நுண்ணிய வரிகளின் அச்சுதான் பதிந்திருந்தது. வேலம்பிசினிலும் ஈயத்திலும்கூட அந்த நிறம் பதிவதை அவர் கண்டார். 1814இல் இதை வெளியிட்டபோது, சில நிறங்கள் மெழுகுக்கு மாறுகின்றன, சில மாறவில்லை என்று பிரித்து எழுதினார். மாறியவை மேற்பரப்பு வரிகள் தந்தவை. மாறாதவை உள்ளடுக்குகள் தந்தவை. இந்த உள்நிறங்களை 1930களில் துருவி ஆராய்ந்தவர் நம் சி. வி. ராமன். நோபல் பரிசு பெற்று நான்கைந்து ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், ஒளிரும் சிப்பி ஓடுகளைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார்.

என் கவனம் இதைக் கைவினையாக்கியவர்கள் மேல். சிப்பியைப் பார்த்து இளஞ்சிவப்பையும் பச்சையையும் கலந்து தீட்டியவர்கள் ஏராளம். பெரும்பாலும் அது மிட்டாய் டப்பா போலத்தான் முடியும். நிறத்தை விட்டுவிட்டு அமைப்பை எடுத்துக்கொண்டவர்களே ஜெயித்தார்கள். லண்டனில் அரசு நாணயச்சாலையில் பணியாற்றிய ஜான் பார்ட்டன், எஃகு அச்சில் வைர முனையால் நெருக்கமாகக் கோடு கிழித்து, அந்த அச்சை உலோகப் பித்தான்களில் அடித்தார். 1822இல் காப்புரிமையும் பெற்றார். ஒரு துளி சாயம் இல்லாமல் சட்டைப் பித்தான் வானவில்லாக மின்னியது.

பாரிஸில் போலி முத்து செய்தவர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே மீனிடம் போயிருந்தார்கள். நம் கரையில் வாளை மீனைத் தூக்கியவர்களுக்குத் தெரியும், கையில் வெள்ளி ஒட்டும். காரல், சாளை எல்லாவற்றிலும் உள்ள அந்த வெள்ளி, குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள். பாரிஸ்காரர்கள் ஆற்றுமீன் செதிலிலிருந்து அதைக் கழுவியெடுத்து, உள்ளீடற்ற கண்ணாடி மணிக்குள் பூசினார்கள். இன்று நகப்பூச்சிலும் கார் பெயின்டிலும் முத்துப் பளபளப்பு தருவது பெரும்பாலும் மைக்கா செதில்மேல் ஏற்றிய டைட்டானியம் டைஆக்சைடு படலம். மீனுக்குப் பதில் கல், அவ்வளவுதான்.

நெசவாளர்கள் இதை வேறு வழியில் சாதித்தார்கள். மயில் கழுத்துப் பட்டுப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்திலேயே பரமக்குடி, எமனேஸ்வரம் தறி ஊர்கள். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம். இங்கே அலைக் கணக்கு இல்லை. நூலில் சாயம் உண்டு. ஆனால் பட்டு நூல் உருண்டு பளபளப்பது. ஒளி எந்தத் திசையிலிருந்து விழுகிறதோ அதற்கேற்ப ஒரு சமயம் பாவு தூக்கலாகவும் ஒரு சமயம் ஊடை தூக்கலாகவும் தெரியும். மடிப்பின் ஒரு சரிவில் நீலம், மறு சரிவில் பச்சை. கோணத்தை வைத்து நிறம் காட்டும் யோசனையை நூலில் கொண்டுவந்த வேலை இது.

சிப்பியைப் பார்த்து எதையாவது வரையவோ நெய்யவோ நினைப்பவர் கடையின் டியூப்லைட்டில் பார்க்க வேண்டாம். ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், கறுப்புத் துணியின் மேல் வைத்து, மெல்லச் சுழற்றிப் பார்க்கலாம். எந்த வளைவில் எந்த நிறம் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டால், நிறங்களின் பட்டியலைவிட அது உதவும். உடைந்த துண்டு ஒன்று போதும். பல சங்கு, சிப்பி இனங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மயில் கழுத்துப் புடவையை மட்டும் செல்போன் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். படத்தில் ஒரு கோணம்தான் இருக்கும். கடைக்காரரிடம் மடித்து, அசைத்துக் காட்டும் வீடியோ அனுப்பச் சொல்லுங்கள்.