காவல் நிலையத்தின் மீதே புகார் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

எண்ணூரில் மீன் விற்கும் ஒரு பெண்மணி, விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட தம் மகன் அடிபட்டுத் திரும்பியதை மனுவாக எழுதிக்கொண்டு, இரண்டு நாள் வியாபாரத்தை விட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். அவருடைய பகுதி சென்னை காவல் ஆணையரின் எல்லையான சென்னை ஆணையரகத்தில் சேராது என்பதை மூன்றாம் நாள்தான் ஒருவர் அவரிடம் சொன்னார்.

வடசென்னைக்காரர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். 2022 ஜனவரி 1 முதல் சென்னைப் பெருநகரக் காவல்துறை சென்னை, ஆவடி, தாம்பரம் என மூன்று ஆணையரகங்களாகப் பிரிந்தது. எண்ணூர், மணலி, மணலி புதுநகர், சாத்தாங்காடு ஆகிய காவல் நிலையங்கள் ஆவடியின் கீழ் போயின. திருவொற்றியூரும் வண்ணாரப்பேட்டையும் சென்னையிலேயே நின்றன. சொத்து வரியைச் சென்னை மாநகராட்சிக்குக் கட்டுபவர், காவல்துறை மனுவை மட்டும் ஆவடிக்கு எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே நிலையத்தில் கொடுக்கும் எந்தத் தாளிலும் ஆணையரகத்தின் பெயரைப் பார்த்துவிட்டே மேலிடத்துக்கு எழுதுங்கள்.

காவல்துறையினர் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் உத்தரவிட்டது. மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய காவல்துறை சீர்திருத்தச் சட்டமோ, மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும் காவல்துறைத் தலைமை இயக்குநரை உறுப்பினராகவும் வைத்தது. மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். யார் மீது புகாரோ அவருடைய மேலதிகாரியே விசாரிப்பவர் என்றால் மனு எந்தத் திசையில் உருளும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆணையத்துக்கும் எழுதுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

மேலிடத்துக்கு அனுப்பிய மனு, ‘தகுந்த நடவடிக்கைக்காக’ என்ற முத்திரையோடு பெரும்பாலும் அதே நிலையத்துக்கே இறங்கி வருகிறது. உடனே ஒரு தொலைபேசி வரும்: “அம்மா, எஸ்.ஐ. ஐயா இருக்கிறார், வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்க.” அந்தக் கையெழுத்துதான் பொறி. ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்ற வரிக்குக் கீழே உங்கள் பெயர் வந்துவிட்டால், மனு முடிக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடும். படித்துப் பார்க்காத எதிலும் கையெழுத்திட வேண்டாம். சாட்சியாக விசாரிக்க அழைப்பதென்றால் எழுத்துப்பூர்வமான அழைப்பாணை வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குட்பட்டவர்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு சொல்கிறது.

சி.எஸ்.ஆர். ரசீதை எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) என்று எண்ணி மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான பதிவு மட்டுமே. அதனால் வழக்கு தொடங்கிவிடாது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெறுவதும் உங்கள் உரிமை. நிலையத்தில் வழக்குப் பதிய மறுத்தால், அதே சன்ஹிதாவின் 173(4)-ஆம் பிரிவின்படி புகாரை அஞ்சலில் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். ஆணையரகப் பகுதியில் அந்த இடத்தில் இருப்பவர் துணை ஆணையர். அஞ்சல் ரசீதையும் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்து 175(3)-இன் கீழ் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) போகும்போது, இந்த இரண்டு படிகளையும் ஏறிவிட்டதாகப் பிரமாணப் பத்திரத்தோடு காட்ட வேண்டும். அந்த ரசீது இல்லாவிட்டால் மனு அங்கேயே நின்றுவிடலாம். புகார் பணியின்போது செய்த செயலைப் பற்றியது என்றால், 175(4)-இன்படி மேலதிகாரியின் அறிக்கையையும் நடுவர் கேட்டுப் பெறலாம் என்பது புதிய சட்டம் வைத்த இன்னொரு வேகத்தடை.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு, பசுமைவழிச் சாலை முகவரிக்கு, கட்டணமின்றி எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையத்தால் விசாரிக்க முடியாது. தேசிய மனித உரிமை ஆணையம் போன்ற வேறொரு ஆணையத்தில் நிலுவையில் இருக்கும் புகாரையும் அது எடுக்காது. எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் நகல் அனுப்பும் பழக்கம் இங்கே எதிராகத் திரும்பும்.

அடிபட்டவரை ஸ்டான்லிக்கோ வேறு அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போகும்போது, பயத்தில் ‘படியில் விழுந்துவிட்டேன்’ என்று சொல்ல விடாதீர்கள். மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் முதலில் எழுதுவதுதான் கடைசி வரை நிற்கும். யார், எங்கே, எதனால் அடித்தார் என்பது அதில் வர வேண்டும்.

நிலையத்தின் சி.சி.டி.வி. பதிவை 18 மாதங்கள், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அதே ஆண்டு சாத்தான்குளம் நிலையத்தில் பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நடுவரின் அறிக்கை வெளிக்கொண்டுவந்தது. எனவே முதல் மனுவிலேயே தேதி, நேரம் குறிப்பிட்டு, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுதிவிடுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானச் சான்று கேட்கக் கூடாது.