செந்தூல் பட்டறைமேல் விழுந்த குண்டு: போருக்கு என்ன பயன்?

கோலாலம்பூரின் செந்தூலில் ‘பட்டறை’ என்றாலே ரயில் பட்டறைதான். எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் அந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் உழைத்தார்கள். மலாயா ஜப்பானியர் பிடியில் இருந்தபோது, 1945 பிப்ரவரி 19 அன்று, அமெரிக்காவின் 49 பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அதன்மேல் குண்டு போட்டன. கட்டடங்களில் 67 விழுக்காடு அழிந்ததாக அமெரிக்கக் கணக்கு. அந்த விழுக்காட்டை வைத்து வெற்றி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

விமானங்கள் கிளம்பியது வங்காளத்தின் கரக்பூர் வட்டாரத்திலிருந்து. கோலாலம்பூருக்கு நேர்கோட்டில் சுமார் 2,600 கிலோமீட்டர். அதே தூரம் திரும்பவும் வேண்டும். தூக்கக்கூடிய எடைக்கு ஒரு வரம்பு உண்டு. தூரம் கூடினால் பெட்ரோல் கூடும், குண்டு குறையும்.

அடுத்தது குறி. 6,000 மீட்டர் உயரத்தில் விட்ட குண்டு, காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தரையைத் தொட 35 விநாடி ஆகும். விமானம் விநாடிக்கு 100 மீட்டர் பறந்தால், குண்டும் அதே வேகத்தில் மூன்றரை கிலோமீட்டர் முன்னே ஓடிக்கொண்டே விழும். நகர நடுவிலுள்ள மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசலுக்கு மேலே விட்டது செந்தூலை எட்டும்! ஒரு விநாடி தாமதித்தால் 100 மீட்டர் தப்பும். இடையில் வீசும் காற்றும் தன் பங்குக்குத் தள்ளும். மார்ச் 10 அன்று ரயில் தளத்தைக் குறிவைத்து மீண்டும் வந்தபோது, பக்கத்திலிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி தகர்ந்தது. அந்த இடத்தில்தான் இன்று தேசிய அருங்காட்சியகம் நிற்கிறது.

குறி தவறாமல் விழுந்தாலும், பட்டறை எரிந்த மறுநாள் ரயில் நின்றுவிடாது. ஓடுகிற எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கொதிகலன் குழாயில் உப்புப் படிந்து, சக்கரம் தேய்ந்து, அது பட்டறைக்கு வரவேண்டிய நாளில்தான் அடி தெரியும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். கூரை சரிந்தாலும் அடியிலிருக்கும் கடைசல் இயந்திரம் பல சமயம் பிழைத்துக்கொள்ளும். கீற்றுக் கொட்டகை போட்டு அதை ஓட்டிவிடலாம்.

பினாங்கில் நடந்தது வேறு வகை. 1944 அக்டோபர் 27 அன்று பிரிட்டனின் லிபரேட்டர் விமானங்கள், போக வர சுமார் 4,800 கிலோமீட்டர் பறந்து, துறைமுக நீரில் கண்ணிவெடிகளைப் போட்டன. ஜெர்மன், ஜப்பானிய நீர்மூழ்கிகள் தங்கிய இடம் அது. கண்ணி விழுந்த நொடியிலேயே வேலையைத் தொடங்கிவிடும். அதைத் தேடி அகற்றும்வரை எந்தக் கப்பலும் துணிந்து நகராது. அதே தூரத்துக்கு இது பலமடங்கு உருப்படியான தாக்குதல் என்பேன்.

பிறகு ஏன் கோலாலம்பூர்? மலாயாவை மீட்டதும் தங்களுக்குத் தேவைப்படும் என்று, பினாங்கு, சிங்கப்பூர் கடற்படைத் தளங்களைத் தொடவேண்டாமென 1945 பிப்ரவரித் தொடக்கத்தில் தென்கிழக்கு ஆசியாவின் நேச நாட்டுப் படைத்தலைவர் மவுண்ட்பேட்டன் தடுத்தார். கோலாலம்பூர் வட்டாரம் முதலிடத்துக்கு வந்தது. போர் இன்னும் ஓராண்டு நீளும் என்று நினைத்தவர்களுக்குப் பட்டறையை அடிப்பது சரியாகவே பட்டிருக்கும். ஆனால் ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் பணிந்தது. செந்தூல் எரிந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை.